உறை தடவும் கை

பரீனா கண்ணாடிக் குழாயியில் வடித்த நீரை உறிஞ்சி எடுத்து, ஒரு துளியைத் தாள் துண்டின் நடுவில் விட்டாள். நல்லரத்தினம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி உரக்க எண்ணத் தொடங்கினான். அந்த ஆய்வுகூடத்தில் தாள் வெட்டுவது, குடுவை கழுவுவது, எண்ணுவது மூன்றும் அவன் வேலை. அறுபது எண்ணி முடிக்கும்வரை தாள் வெள்ளையாகவே கிடக்கவேண்டும், விட்டது வெறும் தண்ணீர்தானே. முப்பதிலேயே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. தாளின் இரண்டு ஓரங்களிலுமிருந்து நீலம் கிளம்பி நடுவை நோக்கி நகர்ந்து வந்தது. ஐம்பதில் எண்ணுவதை நிறுத்தினான். இனி எண்ணி என்ன செய்ய?

“எண்ணுங்க அண்ணன்,” என்றாள் பரீனா.

“ஐம்பத்தொண்டு… ஐம்பத்திரெண்டு…”

இது ஒன்பதாவது துண்டு. ஒன்பதும் நீலம். வாகரைப் பக்கமிருந்து ஷெல் சத்தம் ஒன்று உருண்டு வந்து யன்னல் கண்ணாடியை லேசாக அதிரவைத்துவிட்டுப் போனது. இரண்டு பேருமே தலையைத் தூக்கவில்லை. அந்த ஐப்பசியில் அது ஒரு பெரிய விசயமாக இருக்கவில்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, சமாதானம் என்ற சொல்லைப் பேப்பர்கூட விட்டுவிட்டிருந்த நேரம். வந்தாறுமூலை வளாகத்தில் பாதி வகுப்புகள் காலி. இந்த ஒரு அறையில் மட்டும் இரண்டு பேர் தாளையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை பாடும் ஒரு சுண்டுவிரல் அளவுக் குப்பிக்காகத்தான். பால் புளிக்கும்போது அதில் லக்டிக் அமிலம் ஊறுகிறதல்லவா, அதைத் தேடிப் பிடித்து ஒட்சியேற்றும் நொதியம் அந்தக் குப்பிக்குள் இருந்தது. அது தன் வேலையைச் செய்யும்போது, தாளில் காயவைத்திருக்கும் சாயம் நீலமாகும். புளிப்பு கூடினால் நீலமும் கூடும். புளிப்பே இல்லையென்றால் வெள்ளை. இதே நொதியத்தை வைத்து வெளிநாடுகளில் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு சொட்டு இரத்தத்தில் நோயாளியின் நிலைமையைச் சொல்கிறார்கள், ஓட்டக்காரனின் கால் எவ்வளவு களைத்துப்போயிற்று என்று சொல்கிறார்கள் என்றெல்லாம் பரீனா அவனுக்குக் கதை கதையாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். அவளுக்கு வேண்டியது சந்திவெளித் துறையில் வந்து இறங்கும் பால்.

ஏறாவூர்ப் பிள்ளை அவள். வாப்பா பால் சேர்த்து விற்றவர். அக்கரைப் பட்டிகளிலிருந்து கேன்கள் தோணியில் வந்தால், துறையில் உள்ள சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பு விட்டுத் துழாவிப் பார்த்து அனுப்ப உச்சி வெயிலாகிவிடும். மூன்று கேனில் ஒன்று அதற்குள் புளிக்கத் தொடங்கியிருக்கும். எது என்று மூக்குக்கும் நாக்குக்கும் பிடிபடுவதற்குள் அது மற்றப் பாலோடு கலந்து முழுவதையும் கெடுத்துவிடும். ஒரு துண்டுத் தாள் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தால் அந்த ஒரு கேனைத் தயிருக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். இரண்டு வருடமாக அவள் தூங்கி எழுவது இந்த ஒரு நினைப்போடுதான்.

ஜப்பானிலுள்ள ஒரு பேராசிரியர் மூன்று குப்பி அனுப்பியிருந்தார். சித்திரைக்கு முன்னர் இரண்டு குப்பிகளை வைத்துச் செய்த சோதனையெல்லாம் வாய்த்தது. பிறகு கலவரம், கம்பஸ் பூட்டு, திறப்பு, திரும்பப் பூட்டு. இப்போது மிஞ்சியிருப்பது மூன்றாவது குப்பி மட்டும். உறைபனி வைத்த பொதியை இனி இந்த நாட்டுக்கு அனுப்ப வழியில்லை, இதை வைத்தே முடிவைச் சொல்லுங்கள் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். நாளை வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடவேண்டும். முடிவு வந்தால் அவள் ஆராய்ச்சிப் படிப்பும் தாளும் தப்பும். இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பையும் கடதாசிப் பெட்டியில் கட்டி மூலையில் வைக்கவேண்டியதுதான்.

“நொதியம் போடாத தாள் வெள்ளையாத்தான் இரிக்கி,” என்றாள் பரீனா, தனக்குத்தானே சொல்வதுபோல. “போட்ட தாளெல்லாம் தண்ணிக்கும் நீலம் காட்டிது. அப்ப பிழை குப்பிக்குள்ளதான். எப்பவோ இளகியிரிக்கி அண்ணன். இளகின நேரம் கிருமி விழுந்து உள்ளுக்கயே புளிச்சிட்டு.” கையுறை போட்டிருந்த கையால் நெற்றியைத் தேய்த்தாள். ஒரே ஒரு சோடிக் கையுறைதான் மிச்சமிருந்தது, அதையும் கழுவிக் கழுவிப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதை பூட்டியதிலிருந்து கொழும்புச் சாமான் ஒன்றும் வருவதில்லை.

நல்லரத்தினம் கழுவி வைத்த குடுவையையே திரும்பக் கழுவத் தொடங்கினான். எப்ப இளகியது என்று இந்த உலகத்திலேயே தெரிந்த ஒரே மனிதன் அவன்.

ஆவணியில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வளாகம் பூட்டிக்கிடந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பரீனாவால் ஏறாவூரைவிட்டு வெளிக்கிட முடியவில்லை. போனில் அழாத குறையாக, “அண்ணன், குப்பியை எப்பிடியாவது பாருங்க,” என்றாள். அவன் குப்பியைக் குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, அவளுடைய மாமா றவூப்பின் மீன்வாடிக்குப் போய், ஐஸை உடைத்து உப்புப் போட்டு அதற்குள் புதைத்து வீட்டுக்கு எடுத்து வந்தான். காலையிலும் மதியத்திலும் ஐஸ் மாற்றவேண்டும். முதல் நாள் மாற்றினான். மூன்றாம் நாள் மாற்றினான். இரண்டாம் நாள் மதியம் மட்டும் அவன் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாங்கில் மனைவி கண்ணகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாதையில் மறித்து வைத்ததில் வீடு வந்துசேர ஐந்து மணி. பெட்டியைத் திறந்தால் ஐஸ் தண்ணீராகி, அதில் குப்பி மிதந்துகொண்டிருந்தது.

புது ஐஸைக் கொட்டினான். ஒருவருக்கும் மூச்சுக் காட்டவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

அவர்கள் ஊர் மாவடிவேம்பு. மாவடிவேம்பில் தயிர் என்றால் கண்ணகையின் தயிர். சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அசையாது என்று சனம் சொல்லும். ஒரு தரம் சந்தை நடுவில் அவளே கவிழ்த்துக் காட்டியிருக்கிறாள், அவ்வளவு திமிர் அந்தத் தயிரில். சித்திரையில் ஒரு நாள் துறையிலிருந்து பாலோடு வரும் வழியில் எங்கிருந்தோ வந்த ஷெல் துண்டு ஒன்று அவள் வலது மணிக்கட்டைக் கீறிப் பிளந்துவிட்டுப் போனது. தைத்தார்கள். புண் ஆறியது. ஆனால் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. தைத்த நரம்பு பிடிக்கிறதா என்று பார்க்க டொக்டர் ஒவ்வொரு முறையும் அந்த விரல்களின் நுனியைத் தடவிப் பார்ப்பார். “இதில வியர்வை வந்தா நரம்பு வாறதெண்டு அர்த்தம் அம்மா. அதுதான் முதல் வரும். வரட்டும் பாப்பம்,” என்பார். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நல்லரத்தினம் அந்த மூன்று விரல்களையும் தன் கைக்குள் வைத்துப் பார்ப்பான். ஊரே வெயிலில் வெந்து வடியும்போது, அந்த விரல்கள் மட்டும் காய்ந்த வாழைச்சருகாக இருந்தன.

பரீனா கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கடிதத்தை இன்றைக்கே எழுதி முடிப்பது என்று தீர்மானித்துவிட்டாள்போலும். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

“மிஸ், ஒரு கதை சொல்லணும். ஏசிறதெண்டா ஏசுங்க.”

சொன்னான். ஐஸ் தண்ணீரானதை, குப்பி மிதந்ததை, மறைத்ததை எல்லாம் சொன்னான். பரீனா நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். கோபம் வரும் என்று நினைத்தான், வரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“ஏன் அண்டைக்கே செல்லல்ல?”

“பயம்.”

“வேல போயிருமெண்டா?”

“அதுக்கில்ல மிஸ். மறுகா உங்கட முகத்தைப் பாக்க ஏலாதெண்டு.”

பரீனா குனிந்து தன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள்.  பிறகு, “அவங்கட கை இப்ப எப்பிடி?” என்றாள்.

அதைக் கேட்டிருக்கக்கூடாது. ஆறு மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. “கை கிடக்கு மிஸ். ஒரு வேலைக்கும் உதவாமச் சும்மா கிடக்கு. சட்டியைத் தூக்கப் போய் ரெண்டைப் போட்டு உடைச்சுப்போட்டுக் குந்தியிருந்து அழுதா. மறுகா நான்தான் செய்யிறன். விடிய எழும்பிப் பாலைக் காய்ச்சி, பழைய தயிரைப் பெருவிரலாலயும் மத்த ரெண்டு விரலாலயும் தொட்டுச் சட்டியட உள்பக்கமெல்லாம் நான்தான் தடவுற. அவ பக்கத்தில இருந்து ‘இன்னும் மேல, இன்னும் மேல’ எண்டு சொல்லுவா. மிஸ், இது ஊருக்குத் தெரியா. கண்ணகையட கைராசியெண்டுதான் சனம் வாங்குது. ஆம்பிளை, அதுவும் கம்பஸில குப்பி கழுவிறவன் தடவின தயிரெண்டு தெரிஞ்சா ஒரு சட்டி போகாது. நீங்களும் ஒருத்தருக்கும் வாய் விட்டுராதீங்க.”

பரீனா அவன் கையைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த ஒன்பது நீலத் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் அவன் கையை.

“எத்தனை மணிக்குத் தடவுற நீங்க?”

“நாலரை, அஞ்சு.”

“சித்திரையில இரிந்தா?”

“ஓம்.”

“அந்தக் கையோட நேர இஞ்ச வந்து தாள் வெட்டுறயா அண்ணன்?”

அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. “ஊத்தையோட வருவனா மிஸ்? குளிச்சு, சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவித்தான் வாறன். இஞ்ச வந்தும் கழுவுறன். நீங்களே பாத்திருக்கிறீங்க.”

“பாத்திரிக்கன். கழுவிட்டு எதில துடைக்கிற?”

அவன் தோளில் கிடந்த கட்டம் போட்ட சின்னத் துவாயைத் தொட்டுக் காட்டினான். காலையில் புறப்படும்போது கண்ணகை இடது கையால் எடுத்து நீட்டும் துவாய். தயிர்ச் சட்டிகளின் விளிம்பைத் துடைத்து, உதறி, கொடியில் போட்டு, காய்ந்ததும் அவன் தோளுக்கு வரும். அதன் ஒரு மூலை கஞ்சி போட்டதுபோல விறைத்துப்போயிருந்தது. அது என்ன விறைப்பு என்று இந்த ஆறு மாதத்தில் அவன் ஒரு நாளாவது யோசித்திருக்கவேண்டுமே, இல்லை.

பரீனா கத்தரிக்கோலை வடித்த நீரில் கழுவினாள். இடுக்கியால் புதுத் தாளைப் பிடித்து, விரல் படாமல் ஒரு துண்டு வெட்டினாள். நொதியக் கரைசலைத் தோய்த்து உலர விட்டாள். கால்மணி நேரம் போயிற்று. பிறகு துவாயின் விறைத்த மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதில் தாளை மெதுவாக ஒற்றினாள். அவன் எண்ணுவதற்கு வாயைத் திறந்தான். ஒன்று என்று சொல்லி முடிக்கவில்லை. அப்படியொரு நீலம்.

“அல்லாஹ்வே!” என்று நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் பரீனா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, இரண்டும்தான். “குப்பி கெடல்ல அண்ணன். ஒண்டும் ஆகல்ல அதுக்கு. ஐஸ் தண்ணியில நாலு மணித்தியாலம் கிடந்தும் தாங்கியிரிக்கி. அது சரியாத்தான் செல்லியிரிக்கி, ‘இஞ்ச தயிர் இரிக்கி, தயிர் இரிக்கி’ எண்டு. நாமதான் அதைப் பைத்தியமெண்டு நினைச்ச.”

அடுத்த துண்டை அவளே வெட்டி, அவளே தோய்த்தாள். தண்ணீர் விட்டாள். நல்லரத்தினம் எண்ணினான். அறுபதில் வெள்ளை. நிறுத்த மனம் வராமல் நூறு, நூற்றைம்பது என்று எண்ணிக்கொண்டே போனான். “போதும், போதும்” என்றாள் பரீனா. சோதனைக்கு வைத்திருந்த, காலையில் கறந்த பாலுக்கு ஓரத்தில் ஒரு நிழல் மட்டும் விழுந்தது. நேற்றைய பாலுக்கு வானத்து நீலம். அவன் சோற்றுப் பெட்டியிலிருந்த கண்ணகையின் தயிருக்கு மை கொட்டிய நீலம். பரீனா நான்கையும் வரிசையாக அடுக்கி வைத்து, இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடிதம் எழுதத்தான் போனாள், ஆனால் வேறு கடிதம்.

நல்லரத்தினத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவி, நகத்தின் கீழே ஈர்க்கால் தோண்டி, வடித்த நீரில் அலசி, துவாய் தொடாமல் காற்றிலேயே உலர்த்தி, ஒரு துண்டை எடுத்து ஈரமாக்கிப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தான். ஒரு நிமிடம், வெள்ளை. அப்பாடா என்றிருந்தது. கீழே வைக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்தாறு நிமிடத்தில் விரல் பட்ட இடத்தில் மெல்லிய நீலம் எழும்பி வந்தது.

“மிஸ், இன்னும் தயிர் போகல்லயே! இது தோலுக்குள்ளயே ஊறிட்டா?”

பரீனா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “அது தயிரில்ல அண்ணன், வியர்வை. மனிசர்ர வியர்வையிலயும் அந்த அமிலம் இரிக்கி. கொஞ்சந்தான், அதான் சுணங்கிக் காட்டிது. முந்தியும் ஓரத்தில இப்பிடி வாறதான், நாம ஒரு நிமிசத்தில பாத்திட்டு வீசிருவம்.”

“வியர்வையிலயா?”

“ஓம், கண்ணுக்குத் தெரியாத வியர்வையெண்டாலும் காட்டும்.”

அவன் அசையாமல் நின்றான். தாளைப் பார்த்தான், பெருவிரலைப் பார்த்தான். பரீனா மறுபடி கணினிப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, மெல்லக் கேட்டான். “மிஸ், எனக்கு ரெண்டு மூண்டு துண்டு தருவீங்களா?”

“ஆருக்கு?”

“கண்ணகைக்கு.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. டொக்டர் சொன்னதை அவன் முன்பொரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லியிருந்தான், அது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கவேண்டும். எழுதுவதை விட்டுவிட்டு வந்து, இடுக்கியால் நான்கு துண்டுகளைப் பிலிம் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். வடித்த நீர் ஒரு சின்னப் போத்தலில். இடுக்கியையும் தாளில் சுற்றிக் கொடுத்தாள். “நாளைக்கு எனக்குச் செல்லுங்க,” என்றாள். “கடிதத்தவிட அதான் எனக்கு முக்கியம்.”

வீட்டுக்கு வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கண்ணகை அடுப்படி வாசலில், இடது கையால் சட்டிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். துவாயை அவன் அவளிடம் நீட்டி, நடந்த கூத்தைச் சொன்னான். அவள் துவாயின் மூலையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பாவம் அந்தப் புள்ள! ரெண்டு வருசப் படிப்பை என்ட துவாயெல்லோ விழுங்கப் பாத்திருக்கு. நாளைக்கு ஒரு சட்டி அந்தப் புள்ளைக்குக் கொண்டுபோங்க.”

பிலிம் டப்பாவை எடுத்ததும் அவள் சிரிப்பு நின்றது. அவன் சொல்லி முடிக்குமுன்னே வலது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்.”

“ஏன்கா?”

“வெள்ளையாக் கிடந்தா?”

அவன் முற்றத்தில் அவளுக்கு எதிரே குந்திக்கொண்டான். “கிடந்தாக் கிடக்கட்டும்,” என்றான் கடைசியில். “நான் தடவுறன்தானே, சாகுமட்டும் தடவுறன். எனக்கு அது ஒரு பாரமெண்டு நான் எப்பவாவது சொன்னனா?”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை வெளியே எடுத்தாள்.

அவள் கைகள் இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினான். தன் தலைப்பிள்ளையைக் கழுவுவதுபோலக் கழுவினான், அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. வடித்த நீரால் அலசிக் காற்றில் காயவிட்டான். முதலில் இடது கைப் பெருவிரல். ஐந்தாறு நிமிடத்தில் நீலம் வந்தது, அந்தக் கையில்தான் ஒரு குறையும் இல்லையே. பிறகு வலது கையின் மூன்று விரல்களின் கீழும் அலசிய தட்டொன்றில் மூன்று ஈரத் துண்டுகளை வைத்து, தாளில் தன் கை படாமல் அவள் மணிக்கட்டை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டான். மணிக்கூடு உள்ளே இருந்தது. அவன் எண்ணினான். இருநூறு. முந்நூறு. ஐந்நூறு. கண்ணகை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். துறைப் பக்கம் கடைசித் தோணியை அழைக்கும் குரல் ஒன்று கேட்டு அடங்கியது. அறுநூற்றில் விரல்களைத் தூக்கினான்.

நடுவிரல், வெள்ளை. சுட்டுவிரல், வெள்ளை.

பெருவிரலின் தாளை அவன் இடுக்கியால் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். கண்ணைச் சுருக்கினான். திருப்பிப் பார்த்தான்.

“என்ன?” என்றாள் கண்ணகை, கண்ணைத் திறக்காமல்.

“தெரியல்ல.”

“தெரியல்லயெண்டா?”

“நீலம்போல கிடக்கு. பொழுது பட்டதால அப்பிடித் தெரியுதோ தெரியா.”

அவள் கண்ணைத் திறந்து, இடுக்கியை அவனிடமிருந்து இடது கையால் வாங்கிக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போய் வாசலோரமாக இருந்த சட்டியின் மூடியைக் காலால் தள்ளித் திறந்தாள்.

“தயிரில தொட்டுராத!” என்று கத்தியபடி அவன் பின்னால் ஓடினான்.

“எனக்குத் தெரியாதா?”

குனிந்து, வெள்ளையோடு வெள்ளை ஒத்துப் பார்க்கத் தாளைத் தயிருக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் பிடித்தாள். விடிய அவன் உறை தடவி ஊற்றிய தயிர், ஒரு சுருக்கமும் இல்லாமல், வாசல் வெளிச்சம் முழுவதையும் வாங்கிக்கொண்டு வெள்ளை வெளேரென்று கிடந்தது.  இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். தாள் அந்த வெள்ளையாக இல்லை.